வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை திரும்ப: சபைக் கூடுகைக்கு ஒரு திடீர் வெளிநாட்டுப் பயணம்

புதன்கிழமை இரவு பத்து மணி இருக்கும். தோழி போன் செய்தாள். "சனி, ஞாயிறு அங்க சபையில கூடுகை. ஃப்ளைட் பார்த்துட்டேன், சீட் இருக்கு. வர்றியா?" அடுத்த நாட்டில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் கூட்டத்துக்கு இரண்டே நாள் அவகாசத்தில் கூப்பிடுகிறாள். யோசிக்காமல் "வர்றேன்" என்றேன். வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் காலை வேலைக்கு வந்து உட்கார்ந்தாயிற்று. நடுவில் கிடைத்த அந்த இரண்டு நாள்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அதற்குப் பிறகு இதே மாதிரி பல முறை போயிருக்கிறோம்.

முதல்முறை இப்படிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வகைப் பயணத்தில் கையில் இருப்பது மொத்தமே நாற்பது, ஐம்பது மணி நேரம். அதில் கூட்டத்தில் உட்கார்ந்து பாடி, ஜெபித்து, வசனம் கேட்கும் நேரம் பன்னிரண்டு மணி நேரம் தேறினால் பெரிது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்காகத்தான் போகிறோம். எந்த விமானம், எங்கே தங்குவது, என்ன பை என்று முடிவெடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி போதும்: இது கூட்டத்து நேரத்தைக் காப்பாற்றுமா, தின்றுவிடுமா?

முதல் ஒரு மணி நேரம்: பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள்

டிக்கெட் தேடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். மலிவான டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை நிற்காது. அதனால்தான் இந்த வரிசை.

முதலில் காலாவதித் தேதி. பாஸ்போர்ட் இன்னும் செல்லும் என்பது மட்டும் போதாது. உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசா செல்லும் ஷெங்கன் கூட்டு நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். அப்படியே வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்கின்றனவா என்றும் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது விசா. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடு நான்கில் ஏதோ ஒன்றைச் சொல்லும்: விசாவே வேண்டாம், இணையத்தில் முன்அனுமதி வாங்கு, வந்து இறங்கியதும் வாங்கிக்கொள், தூதரகத்தில் விண்ணப்பி. நான்காவது என்றால் இந்த வாரம் நடக்காது. தோழியிடம் உடனே சொல்லிவிட்டு அடுத்த கூடுகைக்குத் திட்டமிடுங்கள். முன்அனுமதி நிமிடங்களில் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டும் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் எஸ்டா அனுமதிக்குப் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனின் இ.டி.ஏ. முன்அனுமதிக்கு மூன்று வேலை நாள்கள் ஒதுக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் வராமல் போனால் வெள்ளிக்கிழமை மாலை யாரையும் கேட்க முடியாது. விண்ணப்பத்தை அந்த நாட்டு அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். தேடியதும் மேலே வந்து நிற்கும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. அதே விண்ணப்பத்துக்குக் கூடுதல் கட்டணம் பிடுங்குகிறவை.

உங்கள் தோழியின் பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது என்றால் அவளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஆனாலும் விதி வேறு. "எனக்கு விசா வேண்டாம், உனக்கும் வேண்டாம்தானே" என்ற ஒரு வாக்கியத்தில் பயணமே போய்விடும்.

இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுகிறீர்களா? இரண்டும் ஒரே முன்பதிவா, தனித்தனி டிக்கெட்டா என்று பாருங்கள். தனித்தனி என்றால் பெரும்பாலும் நடுவில் இமிகிரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்படியென்றால் அந்த நடு நாட்டுக்கும் விசா கேட்கலாம். வார இறுதிப் பயணத்துக்கு நேர் விமானம்தான் சரி. கொஞ்சம் கூட விலை என்றாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழையவோ, அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகவோ மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். முன்பே போட்டிருந்தால் கவலை இல்லை. 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். போடவில்லை என்றால் இந்த வாரப் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

உட்கார்ந்து கேட்கவா, மேடை ஏறவா?

சபைக் கூடுகைக்கே உரிய விஷயம் இது, பொதுவான பயணக் குறிப்புகளில் வராது. பார்வையாளராகப் போய் ஆராதனையில் கலந்துகொள்வதை அநேக நாடுகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன. பிரசங்கிப்பது, கூட்டம் நடத்துவது என்றால் கதை வேறு. சிங்கப்பூரில் மதம் சார்ந்த கூட்டங்களில் பேச வரும் வெளிநாட்டவருக்கு அதற்கென்றே தனி அனுமதிச் சீட்டு உண்டு; அழைக்கும் அமைப்புதான் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவர் மதக் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. பிரிட்டனில் சபை ஊழியம் செய்கிறவர் ஒருவர் பார்வையாளராக வந்து பிரசங்கிப்பதற்கு இடம் இருக்கிறது. நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம்.

அதனால் உங்களில் யாராவது பாடகர், இசைக் கருவி வாசிப்பவர், அல்லது "வந்தா ஒரு சாட்சி சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்கப்படக்கூடியவர் என்றால், அழைத்தவர்களிடம் முன்பே கேளுங்கள்: "நாங்க பார்வையாளரா வர்றோம். மேடையில நிக்கலாமா, அனுமதி வேணுமா?" இதைக் கேட்பதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. முன்பே கேட்டு வைத்தால், நம்மை அழைத்த சபைக்குப் பிரச்சினை வராது.

தோழியோடு பத்து நிமிடம்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நல்ல நட்பு, இருவரும் விசுவாசிகள், பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். தூக்கம் குறைந்த நிலையில், தெரியாத ஊரில் இரண்டு நாள் ஒன்றாக இருக்கும்போது சின்ன விஷயம் பெரிதாகும். டிக்கெட் போடும் முன் பத்து நிமிடம் இவற்றைப் பேசிவிடுங்கள்.

பணம். யார் எதற்குக் கொடுப்பது, ஒருவர் கார்டில் போட்டால் மற்றவர் எப்போது திருப்பித் தருவது. நாங்கள் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறோம். இடது பக்கம் அவள் செலவு, வலது பக்கம் என் செலவு, திரும்பி வரும் விமானத்தில் கூட்டிக் கழித்து அன்றைக்கே தீர்த்துவிடுவோம். "பார்த்துக்கலாம்" என்று விட்டது எதுவும் எங்களுக்குள் பார்த்துக்கொள்ளப்பட்டதில்லை. அழைத்தவர் வசதியானவர், வருகிறவர் அப்படி இல்லை என்றால் இதை இன்னும் மென்மையாக, இன்னும் சீக்கிரமாகப் பேச வேண்டும். "என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லும் தைரியம் இரண்டாவது ஆளுக்கு வேண்டும். அதைக் கேட்டதும் திட்டத்தைச் சுருக்கும் மனசு முதல் ஆளுக்கு வேண்டும்.

தூக்கம். ஒருவருக்கு ஆறு மணி நேரம் தூங்காவிட்டால் தலைவலி வரும், இன்னொருவர் இரவு ஜெபத்தில் விடியும்வரை இருக்க ஆசைப்படுவார். இரண்டும் தவறில்லை. தனியாக அறைக்குத் திரும்ப வழி இருக்கிறதா, பாதுகாப்பானதா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கேட்கக் கஷ்டமான ஒரு கேள்வி. ஒருவரை எல்லையில் நிறுத்திவிட்டால், அல்லது கிளம்பும் நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், மற்றவர் போவதா நிற்பதா? எங்களுக்குள் முடிவு இதுதான்: கிளம்பும் முன் உடம்பு முடியாமல் போனால் மற்றவர் போகலாம், போன பிறகு என்றால் சேர்ந்தே இருப்போம். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். முன்பே பேசியிருந்தால் அந்த நேரத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை.

சிறுவன் இயேசு எருசலேமிலேயே தங்கிவிட, கூட்டத்தோடுதான் வருகிறார் என்று நினைத்துப் பெற்றோர் ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள் அல்லவா, அது திருவிழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில்தான். பெரிய கூட்டங்களில் இன்றும் அதேதான் நடக்கிறது. கைபேசி சிக்னல் கிடைக்காது, ஆயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருவார்கள். ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் சந்திக்க ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "வாசலில்" என்றால் எந்த வாசல் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

டிக்கெட்: தேதியைச் சத்தமாகப் படியுங்கள்

எங்கள் இரண்டாவது பயணத்தில் விமானம் சனிக்கிழமை 00:25 மணிக்கு. சனிக்கிழமை என்ற சொல்தான் மனதில் நின்றது. வெள்ளி மாலை ஏழு மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் போன்: "டிக்கெட்ட ஒரு தடவ திறந்து பாரேன். இது இன்னைக்கு ராத்திரி." இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்றுகூட நினைவில்லாமல் கிளம்பினேன். கவுன்ட்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய் நின்றோம். நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால், "வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கணும்" என்று கிழமையும் நேரமும் சேர்த்து இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெயர் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளில் இருப்பதுபோலவே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். சபையில் எல்லோரும் கூப்பிடும் பெயர், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் எதுவும் இங்கே செல்லாது. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, குடும்பப் பெயருக்கான இடம் காலி என்றால், அந்த விமான நிறுவனம் எப்படி நிரப்பச் சொல்கிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கூட்டம் நடக்கும் இடத்தை வரைபடத்தில் தேடிப் பார்ப்பதும் இப்போதே. நகரத்தின் பெயரில் விமான நிலையம் இருக்கும், கூடுகை இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு முகாம் வளாகத்தில் நடக்கும். முதல் அமர்வுக்கும் விமானம் இறங்கும் நேரத்துக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். அந்த நாளின் கடைசி விமானத்தில் மட்டும் போகாதீர்கள்; அது ரத்தானால் சனிக்கிழமை முழுதும் போய்விடும்.

வார இறுதி என்பதும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. வளைகுடாவில் குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சபைகள் பெரிய ஆராதனையை வெள்ளியன்று வைக்கின்றன. நேபாளத்தில் சபை கூடுவது சனிக்கிழமை. "ஞாயிறு ஆராதனைக்கு இருந்துவிட்டு வரலாம்" என்று திட்டமிடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரம் மாறும். அமெரிக்கா, கனடா இரண்டின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. சனி இரவு தூங்கி ஞாயிறு எழும்போது ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், அதுவும் சரியாக ஆராதனை நாளில். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும்; கைக்கடிகாரம் மாறாது.

தங்குமிடம்

விசுவாசிகள் வீட்டில் தங்க வைப்பதாகச் சொன்னால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: முழு முகவரி, வீட்டுக்காரர் பெயர், அவர் தொலைபேசி எண். வருகைப் படிவத்தில் அதை நிரப்பாமல் நகர முடியாது. "பாஸ்டர் வந்து கூட்டிட்டுப் போவார்" என்பது படிவத்தில் எழுதக்கூடிய முகவரி அல்ல. விடுதி என்றால் கூட்டம் நடக்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுங்கள், அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

பை

கைப்பை ஒன்று, அவ்வளவுதான். பெட்டியைச் சரக்கில் போட்டால் எடுக்க முக்கால் மணி நேரம், தொலைந்தால் வார இறுதி முழுக்க அதே கவலை. திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத குப்பிகளில், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பிடிக்கும் ஒளிபுகும் பைக்குள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி, பவர் பேங்கில் போட்டிருக்கும் மில்லி-ஆம்பியர்-ஹவர் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-ஹவர், தாராளமாகப் போகலாம். அளவு அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விடுங்கள். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுங்கள்.

சபைப் பயணத்தில் கட்டாயம் வரும் ஒரு வேண்டுகோள் உண்டு. "நீங்க அங்கதான போறீங்க, இந்தப் பார்சலை அந்த பாஸ்டர் கைல குடுத்துடுங்க." அன்போடு கொடுப்பார்கள், மறுக்க மனசு வராது. ஆனால் ஒட்டி மூடிய எதையும் வாங்காதீர்கள். உங்கள் முன்னால் திறந்து, நீங்களே மடித்து வைத்ததை மட்டும் எடுங்கள். "பையில என்ன இருக்குன்னு அவங்க என்கிட்டதான் கேப்பாங்க, அதனால பாத்துட்டு வைக்கிறேன் அண்ணா" என்றால் புரிந்துகொள்வார்கள். காணிக்கைப் பணமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல், அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் அறிவிக்க வேண்டும். அது யாருடைய பணம் என்பது கணக்கில் வராது. வங்கி வழியே அனுப்பச் சொல்வதே நல்லது. சில நாடுகளில் உங்கள் சொந்த வேதாகமம் ஒன்று பிரச்சினை ஆகாது, கட்டுக் கட்டாகச் சுவிசேஷக் கைப்பிரதிகள் எடுத்துப்போவது பிரச்சினை ஆகும்.

எல்லையில்

சில நாடுகள் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பச் சொல்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து, எல்லாம் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் நீங்கள் வேறு யாருடைய தளத்திலோ இருக்கிறீர்கள்.

அதிகாரி "எதற்கு வந்தீர்கள்?" என்பார். "ஒரு சபைக் கூட்டத்தில் கலந்துகொள்ள. ஞாயிறு இரவு திரும்புகிறோம்." அவ்வளவு போதும். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சுற்றுலா என்று சொல்லி மழுப்பிவிட்டு, பையில் கூடுகைப் பதிவுச் சீட்டு இருந்தால் தேவையில்லாத சந்தேகம். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, பதிவு உறுதி மூன்றையும் காகிதத்தில் எடுத்து, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனிக் கவுன்ட்டருக்கு அழைக்கப்படுவீர்கள். கைபேசி அப்போது பார்த்து உயிரை விடும்.

வெளியே வந்ததும் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா?" என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

கூடுகையில்

முதல் அமர்வுக்கு அரை மணி நேரம் முன்பே போங்கள். மொழி புரியாது என்றால் மொழிபெயர்ப்பு எந்தப் பக்கம், எப்படிக் கிடைக்கும் என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். சில இடங்களில் காதில் மாட்டும் கருவி கொடுப்பார்கள், சில இடங்களில் கைபேசிச் செயலி, சில இடங்களில் ஒரு மூலையில் ஒரு சகோதரர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு மிகப் பிடித்தது அந்த மூன்றாவதுதான். முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு மணி நேரம் தொண்டை வறள எனக்காக மொழிபெயர்த்தார். நடுவில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட அவருக்கு நேரமில்லை, தோழிதான் மூடியைத் திறந்து கையில் கொடுத்தாள்.

திருவிருந்து எல்லா இடத்திலும் எல்லோருக்கும் திறந்திருக்காது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தங்கள் சபையாருக்கு மட்டுமே கொடுக்கின்றன. வேறு சில சபைகள் ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அழைக்கின்றன. தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அல்லது தலை குனிந்து ஜெபித்துக்கொண்டிருங்கள். பெண்கள் முக்காடு இடும் வழக்கம் உள்ள சபை என்றால் ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

புகைப்படம் எடுக்கும் முன் கேட்டேயாக வேண்டும். சபைக்கு வருவதே ஆபத்தாக இருக்கும் இடங்களிலிருந்து வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். பின்வரிசையில் தெரியும் ஒரு முகம் அவருடைய குடும்பத்துக்கு ஆபத்தாகிவிடும். மேடையையும் உங்களையும் எடுங்கள், மற்றவர்களை விடுங்கள்.

ஊர் சுற்றிப் பார்க்க ஆசை வரும். சனி மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், போதும். அந்த இடைவேளையில்தான் பக்கத்து இருக்கைக்காரர் தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். என் அனுபவத்தில் பிரசங்கத்தைவிட அதிகம் மனதில் தங்கியவை அந்தப் பேச்சுகள்.

திரும்பும் வழி

ஞாயிறு கடைசி அமர்வு நிகழ்ச்சி நிரலில் ஒரு மணிக்கு முடியும் என்று போட்டிருந்தால் இரண்டரைக்கு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு ஜெபத்தின்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேதனை. அதனால் திரும்பும் விமானம் மாலை ஏழுக்குப் பிறகு இருக்கட்டும். போர்டிங் பாஸை சனி இரவே எடுத்துவிடுங்கள். பையைக் கூட்டத்துக்கே கொண்டுபோய், வரவேற்பு மேசையில் வைக்க இடம் கேளுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வண்டியை யாராவது கொண்டுவருவதாகச் சொன்னதை நம்பிக் காத்திருக்காமல், நேரம் குறித்து ஏற்பாடு செய்துவிடுங்கள்.

விமானம் ஏறியதும் தூக்கம் வரும் முன், சந்தித்தவர்களின் பெயர்களையும், யாருக்கு எதற்காக ஜெபிப்பதாகச் சொன்னீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். திங்கள் மதியத்துக்குள் பாதி மறந்துவிடும். நாங்கள் செலவுக் கணக்கு எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து அதை எழுதிக்கொண்டு வருகிறோம். இப்போது அதில் அறுபத்து மூன்று பெயர்கள் இருக்கின்றன.